ராக்காயியின் பெயரை எடுத்துவிடு

மகளே, நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் ஒரு காரியம் செய். நீ டைப் அடித்து வைத்திருக்கும் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ராக்காயியின் பெயர் இருக்கிறது. அவள் குடியிருக்கும் தோட்டத்து லயத்து வீட்டின் எண்ணும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உருவி எடுத்துக் கிழித்துப் போடு. கார்பன் நகல் இருந்தால் அதையும் கிழி. உன் சங்கத்துச் செயலாளர் கேட்டால் அப்பா எழுதியதில் தவறு இருந்தது என்று சொல். அது உண்மைதான். கிழித்த பிறகு உட்கார்ந்து மீதியைப் படி. விண்ணப்பம் திங்கட்கிழமைக் கப்பல் தபாலில் லண்டனுக்குப் போகிறது என்று நீ எழுதியிருந்தாய். இன்றைக்கு வியாழன். தானா ராத்தாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் நாளைக் காலை ராணுவக் காவலோடு போகும் கான்வாயில் தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து கோலாலம்பூர் வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இந்த அவசரகாலத்தில் தபாலை யார் யார் பிரித்துப் படிக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. மலைப்பாதையில் ஏதாவது நடந்து கான்வாய் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நீ அனுப்பிய நகலை இன்று காலை ஆபீசிலேயே படித்தேன். முதல் இரண்டு பக்கங்களைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துதான் போனது. மலைத் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள், எந்தக் கூரை ஒழுகுகிறது, பால் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எல்லாவற்றையும் அடுக்காக எழுதியிருக்கிறாய். மற்றத் தோட்டங்களிலும் பிள்ளைகளுக்கு நல்ல கொட்டகை கட்டப் பணம் கேட்டு உன் சங்கத்துக்கு இதை எழுத உன்னைவிட ஆள் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மூன்றாம் பக்கம் வந்தது. 'ராக்காயி என்ற விதவை. இவளுடைய அக்காள் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்துப் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டாள். அவள் விட்டுப்போன பிள்ளையை இவள் பட்டினியோடு வளர்க்கிறாள்.' இந்த விவரங்களைச் சரிபார்த்து, ராக்காயியின் வயதையும் அடையாள கார்டு எண்ணையும் அனுப்பச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறாய். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பொய்யை உனக்குச் சொன்னது யார் என்று தேட வேண்டியதில்லை. தோட்டம் முழுக்கச் சொன்னார்கள், நான் பக்கத்திலேயே நின்று மறுக்காமல் இருந்தேன். உன் எதிரிலும் மறுக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ ஈப்போவில் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம் ஆயாக்கொட்டகையைப் பார்த்திருப்பாய். நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். இந்த மலைக் குளிரில் விடிகாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை அதற்குள் விட்டுவிட்டுத் தாய்கள் மலையேறுவார்கள். தகரத்தின் உட்பக்கம் பனி வியர்த்து ஒழுகும். அந்த மழைக்காலத்தில் சளிக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைப் புதைத்தோம். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்ற உரிமையில் தோட்டத்துத் துரையிடம் போய் நின்றேன். கம்பெனியில் அதற்கு ஒதுக்கீடு இல்லை, வெளியே எங்கேயாவது தர்மமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்கினேன். ஆபீசுக்கு வரும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் எந்த நிதி எங்கே என்ன கட்டிக்கொடுத்தது என்று தேடினேன். யார் பெயரில் அறக்கட்டளை இருக்கிறது, அதன் விதி என்ன, தோட்டத்துக்காரனுக்குக் கொடுப்பார்களா, எழுதினால் யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறித்து வைத்தேன். அந்த நோட்டைத்தான் நீ வேலைக்குப் போகும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போனாய்.

எழுதிய இடத்திலிருந்தெல்லாம் வருந்துகிறோம் என்றே பதில் வந்தது. ஒரே ஒரு நிதியின் செயலாளர் மட்டும் நாலு வரி கூடுதலாக எழுதியிருந்தார். உங்கள் விண்ணப்பத்தில் கூரை இருக்கிறது, அளவு இருக்கிறது, ஆனால் ஒரு மனுஷி இல்லை. ஒரு தாயைப் பற்றி, பெயரோடு, அவள் அன்றாடம் படுவதை எழுதி அனுப்புங்கள், கமிட்டியார் மனம் இளகும் என்று. அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். உன் செயலாளரும் உன்னிடம் அப்படித்தானே சொல்லியிருப்பார்?

எனக்கு ஒரு தாயைத் தெரிந்திருந்தது. ராக்காயியின் அக்காள் சின்னப்பொண்ணு. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று வயதில் ஒரு பெண், தவழும் வயதில் ஒரு பையன். அப்போது லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காலையில் கேட்டில் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பருக்கைச் சோறு வெளியே போகக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுக் கொடுப்பார், சேர்த்து வைக்க முடியாதபடி. பெண்கள் வெறும் வயிற்றோடு மலையேறி வெறும் வயிற்றோடு இறங்குவார்கள். ஒரு நாள் மத்தியானம் கொழுந்து நிறுவைக்கு மேல்மலைக்குப் போனபோது, செடிகளுக்கு நடுவே சின்னப்பொண்ணு குந்தியிருந்ததைப் பார்த்தேன். பெரிய பிள்ளைக்கு இருமல். அதைக் கொட்டகையில் விடப் பயந்து, கங்காணிக்குத் தெரியாமல் கூடைக்குள் போட்டுச் சாக்கால் மூடிக் கொண்டு வந்திருக்கிறாள். இடுப்புச் சீலையை அவிழ்த்து, அதில் அப்பி வைத்திருந்த சோற்றைச் சுரண்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"கிராணி ஐயா, பாத்துட்டீங்க. சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன். பிள்ளைக்கு ஊட்டு," என்றேன்.

"ஒரு கை சோறுதான் ஐயா. கஞ்சின்னா இது குடிக்கவே மாட்டேங்குது."

சொல்ல மாட்டேன் என்ற வாக்கை நான் காப்பாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன். அந்தச் சீலை, அந்தச் சோறு, அந்த இருமல், அவள் பெயர், லயத்து எண், எல்லாவற்றையும் நல்ல இங்கிலீஷில் எழுதினேன். கேட்டில் தடவிப் பார்க்கும் காவலாளிக்குத் தெரியாமல் தினமும் கொண்டுபோகிறாள் என்று ஒரு வாக்கியம் போட்டேன். தினமும் என்பது எனக்குத் தெரியாது. வாக்கியம் அப்போதுதான் கனமாக இருந்தது. எழுதி முடித்து உன் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"அவ நல்லதுக்குத்தானே எழுதுறேன்."

"அதான், அவகிட்டக் கேட்டீங்களா?"

நான் உறையை ஒட்டினேன். இருபது அடி தள்ளி அடுத்த லயத்தில் இருந்தாள் அந்தப் பெண். நடந்து போய்க் கேட்டிருந்தால் வேண்டாம் ஐயா என்று கும்பிட்டிருப்பாள். அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

ஒரு விண்ணப்பம், நாம் முகவரி எழுதிய மேசையோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்காது, மகளே. இதை மனதில் வை. அந்த நிதிக்காரர்கள், இப்படி ஒரு தோட்டம் உண்டா, விவரம் சரிதானா என்று கேட்டு என் விண்ணப்பத்தையே அரசாங்க ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து ஒருவர், சோறு என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டுப் போலீசுக்கு அனுப்பியிருக்கிறார். வழியில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டுச் சின்னப்பொண்ணுவை மட்டும் நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரி அவள் சீலையை அவிழ்க்கச் சொன்னாள். சோறு இருந்தது. கைக்குழந்தையோடு லோரியில் ஏற்றினார்கள். பெரிய பிள்ளை முந்தின நாள்தான் சளிக்காய்ச்சல் முற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. "எம்புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது, அதுக்குத்தான் இந்தச் சோறு, ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் காகிதத்தால் வந்தது என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் துரை கூப்பிட்டார். உள்ளே ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். மேசைமேல் என் எழுத்து இருந்தது. என் கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

"கிராணி, இங்கிலீஷ் நல்லா எழுதறே," என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். "இந்தப் பொம்பள சோறு கடத்தறது உனக்கு மொதல்லயே தெரியும். ஏன் ரிப்போர்ட் பண்ணல?"

அந்த அதிகாரி சாதாரணமாகக் கேட்டார். அவள் பிள்ளைக்குத்தான் கொடுத்தாளா? தினமும் பார்த்தாயா? நான் சொன்னேன், 'ஒரு நாள்தான் பார்த்தேன், மற்ற நாட்களில் யாருக்குக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.' யோசித்துப் பார், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த அறையில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றுதான்: 'தினமும் என்று நான் எழுதியது அழகுக்காக எழுதியது. அவள் இருமுகிற பிள்ளைக்கு ஊட்டிய தாய்.' அதைச் சொன்னால் நீயும் உள்ளே வா என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். வேலை போகும், வீடு போகும், நீ படிப்பை நிறுத்திவிட்டு வர வேண்டியிருக்கும் என்று பயந்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவளை ஈப்போ பக்கம் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் நான் ஒரு மனு எழுதினேன். என் தவறைச் சொல்லி, அவளை விடச் சொல்லி, யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டியல்கூடப் போட்டேன். அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்று கிடந்தது. அப்போது அந்த நிதியிலிருந்து பதில் வந்தது: உங்கள் விண்ணப்பம் கமிட்டியை மிகவும் நெகிழ வைத்தது, புதிய கொட்டகைக்கு ஒப்புதல். மனுவை அனுப்பினால் கொட்டகையும் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு மனுவைக் கிழித்தேன். கொஞ்ச நாளில் அவளைப் பினாங்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சேதி வந்தது. பெரிய பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ராக்காயிதான் தூக்கி வந்தாள்.

கட்டடம் எழுந்தது. செங்கல் சுவர், பலகைத் தரை, குளிர் காயக் கணப்பு. அதன் பிறகு அங்கே ஒரு பிள்ளைகூடக் குளிரால் சாகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லித்தான் இத்தனை நாள் தூங்கினேன். திறப்பு விழாவுக்கு லீவில் வந்திருந்த நீ, துரை என் தோளில் தட்டியதைப் பார்த்துக் கண் கலங்கினாய். "நானும் இப்படி எழுதுவேன்பா," என்றாய். உன் அம்மா சாகும்வரை அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. ஏன் என்று நீ கேட்டபோது, வாசலில் வழுக்கும், அதனால் போக மாட்டாள் என்று சொன்னேன். நீ இந்த வேலைக்குப் போனதே என்னைப் பார்த்துத்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் இருந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பலனை இன்று உன் மூன்றாம் பக்கத்தில் படித்தேன். நான் செய்ததையே நீ செய்திருக்கிறாய், வார்த்தைக்கு வார்த்தை. ராக்காயிக்கு இன்னும் குடியுரிமைக் காகிதம் இல்லை. நாடு கடத்தப்பட்டவளின் தங்கை என்று அவள் பெயர் இன்னொரு மேசையில் போய் விழுந்தால், அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போகலாம். போகாமலும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அதனால் இன்று மத்தியானம், நாலு வருஷம் தாமதித்து, அந்த அடுத்த லயத்துக்கு நடந்து போனேன். ராக்காயி கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ராக்காயி, உங்க அக்கா காட்டுக்காரங்களுக்குச் சோறு குடுக்கல."

"எங்கக்காவ எனக்குத் தெரியாதா கிராணி ஐயா," என்றாள். "யாரோ மாட்டிவுட்டுட்டாங்க."

"நான்தான்."

அவள் குழாயை மூடினாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முண்டாசுத் துணியை அவிழ்த்து, அதில் ஒட்டியிருந்த இலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயாக்கொட்டகயில புள்ள பாக்குற கல்யாணியோட நாலு வருஷமா பேச்சு வார்த்த இல்ல," என்றாள் கடைசியில். "அவதான் சொல்லிக்குடுத்தான்னு நெனச்சுட்டேன். அவ புள்ள செத்ததுக்குக்கூடப் போகல. இனிமே அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

உன் விண்ணப்பத்தை எடுத்து அவளைப் பற்றி எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தேன். பட்டினி என்ற இடத்தில் அவள் நிமிர்ந்தாள்.

"பட்டினியா? நான் அந்தப் புள்ளய ஒரு நாளும் பட்டினி போட்டதில்ல. ஒங்க மககிட்டச் சொல்லுங்க. என் பேரும் வேணாம், அந்த வார்த்தையும் வேணாம்."

"எடுக்கச் சொல்லிடறேன். பேர் இல்லாம அனுப்பினா பணம் வராமப் போகலாம்."

"வராட்டி போகுது. தகரத்துல இருந்தவங்கதானே நாங்க," என்றவள், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். "ஊர்ல உள்ள வெள்ளக்காரனுக்கெல்லாம் எழுதுனீங்களே ஐயா, எங்கக்காவுக்கு ஒண்ணு எழுதுனீங்களா?"

"விலாசம் தெரியாதே ராக்காயி."

"அவங்க விலாசமெல்லாம் தேடிப் புடிச்சீங்க லா."

மகளே, அந்த இடத்தில் நான் உடைந்து போனேன். எத்தனை டைரக்டரிகளைப் புரட்டியிருக்கிறேன், எந்தத் தேசத்தில் எந்த நிதி என்று எத்தனை முகவரிகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு பெண் எந்தக் கரையில் இறக்கிவிடப்பட்டாள் என்று ஒரு நாள்கூட நான் தேடவில்லை. தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு என்ன எழுதுவது என்ற பயம்.

ராக்காயி என்னை மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "நான் சொல்றேன், சொன்னத மட்டும் எழுதுங்க," என்றாள். ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். ஓரிடத்தில் மாற்றச் சொன்னாள், மாற்றினேன். பிறகு உறையில் அவளே ஒட்டினாள்.

உன் விண்ணப்பத்தை எழுதும் விதத்தை உனக்கு இனிச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒரு மனுஷியைப் பற்றி எழுதினால் அவள் பாஷையில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். அதனால் கொட்டகை கிடைக்காமல் போனால், வேறு கதவைத் தட்டுவோம். விண்ணப்பத்தில் ஒரு தாயின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று உன் செயலாளர் பிடிவாதம் பிடித்தால், இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. எனக்கு அதில் வெட்கம் இல்லை. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்பதுதான் பயம், ஆனால் அந்தப் பயத்துக்கு இனிமேல் யாரும் விலை கொடுக்கக் கூடாது.

ராக்காயியின் உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிக்காதே. உள்ளே இருப்பது இவ்வளவுதான், அவள் அனுமதியோடு உனக்குச் சொல்கிறேன்: 'அக்கா, புள்ள நல்லாருக்கா. முன்பல்லு ரெண்டும் வுழுந்து மொளச்சிருச்சு. ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா. சோறு நல்லா திங்கிறா.' கப்பல் கம்பெனிகளைக் கேள். துறைமுகத்தில் இறங்கினவர்களைப் பதிவு செய்த முகாம் ஏதாவது இருந்ததா என்று கேள். நாகப்பட்டினத்தில், மதராசில், அநாதரவாய் வந்து இறங்கினவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மடம், கோயில், சங்கம் எல்லாவற்றுக்கும் எழுது. பதில் வராவிட்டால் திரும்ப எழுது. இது நீ கற்ற வேலைதான். உறையின் மேல் சின்னப்பொண்ணு என்று பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரை நீ கண்டுபிடித்து எழுது.

அப்பா